குரல் முன்னே, ஓஸெல் பின்னே

ஓஸெல் கேட்வுட்டின் பாடும் குரல் எட்டு மணிக் கச்சேரிக்குச் சரியாக எட்டு மணிக்கு வந்துவிடும். ஓஸெல் கேட்வுட் எட்டுப் பத்துக்கு வருவான். இது முதன்முதலில் நடந்தது 1962ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத் தென்பகுதியில் இருந்த ஒரு நடன அரங்கில். வாத்தியக்காரர்கள் முன்னிசையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, ஆளில்லாத ஒலிவாங்கியிலிருந்து பாட்டு கிளம்பியது. மூச்சு இழுப்பதும், இரண்டாவது அடியில் தொண்டை கரகரப்பதும் எல்லாம் ஓஸெலுடையதேதான். முதல் நாலு வரிக்கு ஜனங்கள் மேடைக்குக் கீழே குனிந்து தேடினார்கள். ஐந்தாவது வரியில் தேடுவதை விட்டுவிட்டார்கள். ஓஸெல் பாதி முடி வெட்டிய தலையோடு ஓடிவந்து சேர்ந்தபோது, அவனுடைய பாட்டு அவன் இல்லாமலே இரண்டாம் சரணத்தில் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, முடிவெட்டும் கடையில் ஒருவர் கழுதை கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார், கதை முடியாமல் எப்படி எழுந்து வருவது என்று கேட்டான். பேசும் குரல் அவனிடமேதான் இருந்தது. பாடும் குரல் மட்டும்தான், பொறுத்தது போதும் என்று தனியே கிளம்பிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த ராத்திரியோடு புத்தி வந்திருக்கும். ஓஸெலுக்கு வந்தது வேறு யோசனை: குரல்தான் நேரத்துக்குப் போய்விடுகிறதே, நாம் எதற்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டும்? 1965இல் தாமதம் ஒரு மணி நேரமாயிற்று. 1968இல் ஒரு நாள். 1974இல் நாலு நாள். 1989இல் பதினோரு நாளில் வந்து நின்றது. அதற்குமேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் காலை பத்து மணிக்கே வந்து மூன்று பாட்டு முடித்துவிட்டுப் போய்விடும். ஓஸெல் மறுநாள் வந்து, மிச்சம் வைத்திருந்த பொரித்த மீனைத் தின்றுவிட்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவான். 1971இல் தொலைக்காட்சிக்காரர்கள் நாலு நிமிஷம் வெறும் ஒலிவாங்கியையே காட்டினார்கள். அதன் அடக்கத்தைப் பாராட்டி நாடெங்குமிருந்து கடிதங்கள் வந்தன. அட்லாண்டாவில் அவன் பச்சை கோட்டும் சூட்டுமாகப் பதினோரு நாள் கழித்து மேடை ஏறியபோது அங்கே மல்யுத்தப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நடுவர் அவனைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நாலு தடவை கல்யாணம் செய்துகொண்டான். நாலு மணப்பெண்களும் காத்திருந்தார்கள். அதில் மூன்று பேர் பிறகு காத்திருக்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலாமவள் கடைசிவரை காத்திருந்து செத்தாள்.

இந்த மனிதனுக்குத்தான் வெர்டெல் ப்ரூயிட் முப்பத்து மூன்று வருஷம் ரசிகர் சங்கத் தலைவியாக இருந்தாள். சங்கத்தின் தலைமையகம் அவள் சமையலறை. பிழைப்புக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் சீலோவாம் பாப்டிஸ்ட் சபையின் வாசல் ஊழியக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஜெபம் நடக்கும்போதோ வேதம் வாசிக்கும்போதோ யாராவது பாடும்போதோ பேசும்போதோ ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது என்பது அங்கே அவள் வகுத்த சட்டம். நகரசபை உறுப்பினர் ஒருவரை, தேர்தல் வருஷத்தில், இருபத்தைந்து நிமிஷம் முன்கூடத்தில் நிறுத்திவைத்தவள் அவள். தாமதமாக வருகிற மனிதர்களைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். அப்படிப்பட்டவள் போயும் போயும் ஓஸெல் கேட்வுட்டிடம் போய் விழுந்தாள்.

அவள் புருஷன் ஹோசியா குப்பை வண்டியில் வேலை பார்த்தவன், சாதுவான மனிதன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, இந்த ஊர்ல எத்தனை பாட்டுக்காரன் இருக்கான். நேரத்துக்கு வர்றவனா ஒருத்தனைப் புடிச்சிருக்கக் கூடாதா?" என்பான்.

"நேரத்துக்கு வர்றவன் எவனும் இப்படிப் பாட மாட்டேங்குறானே, நான் என்ன பண்றது?" என்பாள் அவள்.

அதை ஹோசியாவும் ஒப்புக்கொள்வான். ஏனென்றால் 1968இல் குப்பை அள்ளுகிறவர்கள் அறுபத்தைந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவனும் அதில் இருந்தான். ஒவ்வொரு சாயங்காலமும் ஆலயக் கூட்டத்துக்கு ஓஸெலின் குரல் வந்து பாடியது. அந்த ஏப்ரலில், அவர்களுக்கு ஆதரவாக வந்த தலைவரைச் சுட்டுக் கொன்றபோது ஊரே அழுத வாரத்தில்கூட ஒரு நாள் தவறவில்லை. கையில் காசில்லாமல், வீட்டில் மாவு தீர்ந்துபோய், மறுநாள் காலை எழுந்து மறுபடியும் ஊர்வலத்துக்குப் போக அந்தப் பாட்டில்தான் தெம்பு இருந்தது என்று ஹோசியாவே சொல்லுவான். ஓஸெல் ஒவ்வொரு நாளும் மறுநாள் வந்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகி எல்லோரும் வேலைக்குத் திரும்பிய மறுநாள், கையில் புத்தம் புதிய கோஷ அட்டையோடு தெருவில் தன்னந்தனியாக ஊர்வலம் போனான். ஹோசியா குப்பை வண்டியை நிறுத்தி அவனை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டான்.

இதில் வெர்டெலைப் போட்டு அரித்த விஷயம் ஒன்று உண்டு. ஓஸெல் தன் வாழ்நாளில் கைதட்டல் கேட்டதே கிடையாது. அவன் வருவதற்குள் ஜனங்களின் கைகள் கோட்டுப் பைக்குள்ளோ கார் கதவிலோ போயிருக்கும்; பாட்டு முடியுமுன் வந்துவிட்ட அந்த முதல் ராத்திரியிலும் அது அவன் காதில் மட்டும் விழவில்லை. மேடைக் கச்சேரி ஒன்றை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்துப் பார்த்தார்கள். கைதட்டல் வரும் இடத்தில், அவன் கேட்டால் மட்டும், நாடா சும்மா ஓடியது. மற்றவர்கள் கேட்டால் கூரை பிளந்தது. அதனால் அவன் ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் வெர்டெலைத் தேடி வருவான், கார் நிறுத்துகிற இடத்துக்கு, பிற்பாடு தாமதம் நாள் கணக்கில் ஆனதும் அவள் வீட்டுக்கே. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படிப் பாடினேன் வெர்டெல்?" என்று கேட்பான். அவள் அவனைத் திட்டித் தீர்ப்பாள். திட்டி முடித்த பிறகு, "நல்லா இருந்துச்சு" என்பாள். அதை வாங்கிக்கொண்டு, கல்யாண விருந்து சாப்பிட்டவன் மாதிரி போய்விடுவான். அவளுக்குத்தான் அப்புறம் பாத்திரம் கழுவக்கூடக் கை ஓடாது.

1996ஆம் ஆண்டு மே மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூட அரங்கில் எட்டு மணிக்கு ஓஸெலின் கச்சேரி. எட்டு மணிக்குக் குரல் வரவில்லை. எட்டுப் பத்துக்கும் வரவில்லை. வாத்தியக்காரர்கள் முன்னிசையைப் பத்தொன்பது தடவை வாசித்தார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகாத குரல். ஜனங்கள் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்தபடி கலைந்தார்கள். வெர்டெல் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குரல் எங்கே போகிறதோ அங்கே பதினோரு நாளில் ஆளும் போய்ச் சேருவான். இந்தக் குரல் போயிருப்பது திரும்பி வருகிற இடமில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. வீட்டுக்கு வந்து, சவ அடக்க நிலையத்தார் வருஷா வருஷம் இலவசமாகக் கொடுக்கிற நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். மே பதினைந்து, புதன்கிழமை, சாயங்காலம் எட்டு மணி. ஹோசியா ஓஸெலை வைத்தியரிடம் கூட்டிப்போனான். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, பன்றிக்கறியைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

வெர்டெல் பாஸ்டர் ஹேர்ஸ்டனிடம் போனாள். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஓஸெலுக்குப் பாராட்டு விழா வைக்க வேண்டும் என்றாள். செத்த பிறகு மலர்வளையம் வைப்பதைவிட உயிரோடு இருக்கும்போதே நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவது அந்தச் சபையில் வழக்கம்தான். பாஸ்டருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தேதியில்தான் இருந்தது.

"சிஸ்டர், அன்னிக்கு அன்னையர் தினம். மூணு மணிக்கு எவ வருவா? எல்லாரும் மக வீட்டுல கோழி தின்னுட்டு இருப்பாங்க."

"பதினஞ்சாம் தேதிக்குள்ள இன்னொரு ஞாயிறு நீங்க செஞ்சு குடுங்க பாஸ்டர். மாத்திக்கிறேன்."

பாஸ்டர் நாள்காட்டியைப் பார்த்தார். அவரும் எண்ணத் தெரிந்தவர்தான். சரி என்றார்.

அழைப்பிதழ் இரண்டு விதமாக அச்சடிக்கப்பட்டது. ஊருக்கு அனுப்பியதில் மே பன்னிரண்டு என்று இருந்தது. ஓஸெலுக்கு அனுப்பிய ஒன்றே ஒன்றில் மே முதல் தேதி என்று இருந்தது; பதினோரு நாள் தாமதமாக வந்தால் சரியாக இருக்கும். அது அவன் கைக்குப் போனது ஆறாம் தேதி. நடந்து முடிந்த தேதிக்கு அழைப்பு வந்திருக்கிறதே என்று அவன் துளியும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு வந்த அழைப்புகள் எல்லாமே கடைசியில் அப்படித்தான் ஆகியிருந்தன. ஐந்து நாள்தான் ஆகிறது, இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டான்.

பாராட்டுரை எழுதுவதில் வெர்டெலுக்குச் சிரமமில்லை. முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நிரலில் பேசுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில், 'தயவுசெய்து இரண்டு நிமிடம்' என்று எப்போதும்போலப் போட்டிருந்தார்கள். எப்போதும்போல அதை யாரும் சட்டை செய்யப் போவதில்லை, ஆனால் வெர்டெல் சட்டை செய்தாள். பிறப்பு, ஊர், பாட்டுகள், புகழ் எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்துக்குள் அடக்கித் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அதில் ஒரு குறையுமில்லை. படித்துப் பார்த்த ஹோசியா, "யாரோ மேயர் ரிட்டயர் ஆகுறாப்ல இருக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பிவிட்டது. தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூவும், இல்லாதவர்கள் வெள்ளைப் பூவும் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். வெர்டெல் அன்றைக்குச் சீருடை போடவில்லை. நீல நிற உடையும் தொப்பியுமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாசலை இமோஜீன் டப்ஸிடம் ஒப்படைத்திருந்தாள். வெர்டெல் கையாலேயே பன்னிரண்டு வருஷம் பழக்கப்பட்டவள் இமோஜீன். இடி விழுந்தாலும் இடம் மாறாதவள். மூன்று மணிக்கு ஜெபம் தொடங்கியது. தங்க நிற நாடா கட்டிய நாற்காலி காலியாக இருந்தது. வேதம் வாசித்தார்கள். பாடகர் குழு பாடியது. அடுத்த பாட்டும் பாடியது. மூன்று நாற்பதுக்கும் நாற்காலி காலி. ஜனங்கள் நெளிந்தார்கள், குழந்தைகள் காலை ஆட்டின. கணக்குத் தப்பிவிட்டதா என்று வெர்டெலுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சின்னதாக ஒரு நிம்மதி. பதினோரு நாள் என்பது பன்னிரண்டாக, பதிமூன்றாக நீளுமானால் புதன்கிழமையும் தள்ளிப் போகுமல்லவா?

"சிஸ்டர், நீங்க ஆரம்பிங்க. பேசப் பேச வந்துருவான்," என்றார் பாஸ்டர்.

வெர்டெல் மேடை ஏறினாள். காகிதத்தைப் பிரித்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். காலி நாற்காலிக்காகவா முப்பது வருஷம் எழுதினோம் என்று நினைத்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டு, படாரென்று மூடினாள்.

"இந்த ஓஸெல் கேட்வுட் இருக்கானே," என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க சிஸ்டர்!" என்றது பின் வரிசை.

சொன்னாள். முடிவெட்டும் கடை, கழுதை கதை, மல்யுத்தம், நாலு கல்யாணம், ஒன்று விடாமல் சொன்னாள். அவனுக்காக வாங்கிய கேக்குகள் எத்தனை காய்ந்துபோயின என்று சொன்னாள். அவனுடைய தவறுக்கு அவள் எத்தனை ஊர் அரங்கு மேலாளர்களிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னாள். "ஐயோ, விடாதீங்க!" என்று ஜனங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். வயதான தாயார் ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துத் தொப்பியே கழன்று விழுந்தது. இரண்டு நிமிஷம் இருபதாயிற்று, முப்பதாயிற்று. அப்புறம் அவள் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்தாள்.

"அறுபத்து மூணுல என் மூணு மாசக் குழந்தையைப் புதைச்சேன். எட்டு வாரம். எட்டு வாரமா கண்ணுல ஒரு சொட்டு வரலை. ஹோசியாவுக்குத் தெரியும். கல்லு மாதிரி துணிக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். என் அக்கா என்னை இழுத்துட்டுப் போய் அந்த அரங்கத்துல உட்கார வச்சா. அந்தக் குரல் வந்துச்சு. ரெண்டாவது வரியில அது லேசா உடையும், உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துல நானும் உடைஞ்சேன். நான் அழுத அழுகையில எங்க வரிசையில இருந்த அத்தனை பேர் செருப்பும் நனைஞ்சு போச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் எனக்குப் பசின்னு ஒண்ணு எடுத்துச்சு. அந்தக் குரல் மட்டும் வரலைன்னா நான் இன்னிக்கு இங்க நின்னுட்டு இருக்க மாட்டேன். மூக்கைச் சிந்திட்டு வெளிய வர்றேன், அந்தப் பாவி அப்பத்தான் வந்து நிக்கிறான். எப்படிப் பாடினேன்னு கேக்குறான். என்ன சொன்னேன் தெரியுமா? நல்லா இருந்துச்சுன்னேன். உயிரைத் திருப்பிக் குடுத்தவன்கிட்ட, நல்லா இருந்துச்சாம்! முப்பத்து மூணு வருஷமா அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிட்டு இருக்கேன். இன்னிக்காவது சொல்லலாம்னு பார்த்தா, வந்து தொலைய மாட்டேங்குறான்!"

சபை முழுக்க எழுந்து நின்றது. கைதட்டலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் வெர்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பின் கதவின் சின்னக் கண்ணாடியில் இமோஜீனின் வெள்ளைக் கையுறை விரித்தபடி ஒட்டியிருப்பதையும், அந்தக் கையுறைக்கு அந்தப் பக்கம் பச்சை நிறக் கோட்டின் தோள் ஒன்று தெரிவதையும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் நடுவில், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், தலைவி கையை உயர்த்திச் சைகை காட்டினால்தான் கதவு திறக்கும். தலைவி இன்றைக்குச் சைகை காட்டுகிற இடத்தில் நிற்கவில்லை. பூக் குத்திய உடையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு வருஷமாகத் தாமதமாக வந்த மனிதனை, தானே வகுத்த சட்டத்தால், தானே ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறாள். வலது கையை உயர்த்தினாள். கதவு திறந்தது.

"மூணு மணிக்கே வந்துட்டாரு சிஸ்டர்," என்றாள் இமோஜீன், குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லாமல். "நீங்க கை காட்டலை. நான் திறக்கலை."

ஓஸெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்து வந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நிகழ்ச்சி நிரலை விரலால் தட்டிக் காட்டினான். "ரெண்டு நிமிஷம்னுல்ல போட்டிருக்கு, வெர்டெல்?" என்றான். ஜனங்கள் கூரை அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் தயங்கி, சுற்றிலும் பார்த்து, "கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சே... அதுதான் கைதட்டுறதா?" என்று கேட்டான். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. தட்டினார்கள். மாலை ஆராதனை நேரம் வந்தும் தட்டினார்கள். பாஸ்டர் ஆராதனையை ரத்து செய்துவிட்டு அவரும் தட்டினார். ஓஸெல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டான். கடைசியில் எழுந்து, பெருமையோடு கடிகாரத்தைக் காட்டி, "பதினோரு நாள்னா பதினோரு நாள். ஒரு நிமிஷம் கூடலை, குறையலை," என்றான். எல்லோரும் கொண்டாடினார்கள். வெர்டெல் மட்டும் மறுபடி விரல் விட்டு எண்ணினாள். கணக்கு தப்பவே இல்லை.

புதன்கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நடுப்பகலில் தன் பழைய ப்யூக் காரை ஓஸெல் வீட்டு வாசலில் நிறுத்தினாள். "ஏறு," என்றாள். முப்பத்து மூன்று வருஷம் எந்த இடங்களை அவள் சபித்தாளோ அந்த இடங்களுக்கெல்லாம் அவளே அவனை ஓட்டிக்கொண்டு போனாள். முடிவெட்டும் கடையில் உட்கார வைத்து, இருக்கிறதிலேயே நீளமான கதையாக ஒன்று சொல்லச் சொன்னாள். ஏரிக்கரையில் தூண்டிலைக் கையில் கொடுத்தாள். மூன்றாவது மனைவி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் அவனைத் திட்டினாள், வெர்டெல் நடுநடுவே விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தாள். மீனும் ஸ்பகெட்டியும் வாங்கி, காரிலேயே வைத்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடச் சொன்னாள். ஆனால் இந்த மனிதனை எந்தக் காலத்தில் சொன்னபடி கேட்க வைக்க முடிந்திருக்கிறது? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரமாகுது வெர்டெல். பள்ளிக்கூடத்துக்கு விடு."

"எந்த நேரமும் ஆகலை. சாப்பிடு."

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றான் அவன் சாதாரணமாக. "நாலாம் தேதிக் கச்சேரி. இன்னிக்கு எட்டு மணிக்கு நான் அங்க போய் நிக்கணும். அது அங்கதான் எங்கயோ பாடிட்டு இருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது முதல் வரி பாடும்போதே நான் கூட இருக்கணும்."

"செத்துப்போவடா, மூதேவி!"

"தெரியும். அதுக்காக லேட்டாப் போறதா?"

அவள் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள். தாமதமாக வராதே என்று சொல்லிச் சொல்லியே கிழவியாகிவிட்டவள், தாமதமாகப் போ என்று இவனிடம் இப்போது எந்த முகத்தோடு கெஞ்சுவது? அவன் கேட்டது நியாயமாகவும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூக்கைச் சிந்தி, காரைக் கிளப்பி, பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் திருப்பினாள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினாள். எட்டு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ரயில் பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். மணி அடித்தது, சிவப்பு விளக்கு மினுக்கியது, தடுப்புக் கம்பு இறங்கியது. சரக்கு ரயில் ஒன்று வந்தது. தென் மெம்பிஸில் தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்லுகிற சாக்கு இந்த ரயில்தான். வெர்டெல் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நம்பியதில்லை.

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சரியாக எட்டு மணிக்கு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு வந்தது. பெட்டி மறைத்தது, அடுத்த இடைவெளியில் மறுபடி வந்தது. இரண்டாவது வரியில் லேசாக உடைந்தது. ஓஸெல் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, முகத்தை வெளியே நீட்டி, வாயைத் திறந்தபடி கேட்டான். ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது, அவன் இருந்தான்.

"வெர்டெல்," என்றான் ரகசியம்போல. "நல்லாத்தான் பாடுறான், இல்ல?"

"இப்பவாவது தெரிஞ்சுச்சே," என்றாள் அவள்.

அவன் கை கதவின் பிடியைத் தேடிப் போனது. வெர்டெல் குறுக்கே தன் கையை நீட்டி, அவன் மார்பின் மேல் வைத்தாள். முப்பது வருஷமாக எத்தனையோ பேரை நிறுத்திய கை.

"பாட்டு நடக்குதுல்ல. முடியட்டும்."

ஓஸெல் கையை எடுத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தான்.

அந்த ரயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டும் முடியவில்லை. ஹோசியா தினமும் ஆறு மணிக்கு இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போகிறான். தபால்காரர் காரின் ஜன்னலில் கடிதங்களைச் செருகுகிறார். பாதைக்கு அந்தப் பக்கம் வேலை இருப்பவர்கள் பாலத்தின் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அதற்கு நாலு நிமிஷம் கூடுதலாக ஆகிறது.